ஐந்தருவி ரோட்டு வாள்காரக்கா

அக்கா ஒரு பொருளை எடுத்தால், எடுத்த இடத்தில் திரும்ப வைக்காமல் நகர மாட்டார். அதை நல்ல பழக்கம் என்று சொல்வதா, சீக்கு என்று சொல்வதா என்பதில் அவருடைய வீட்டுக்காரருக்கே கடைசி வரை சந்தேகம் இருந்தது.

முதன்முதலில் தென்காசியில் என் கடைக்கு வந்த அன்றே அதைப் பார்த்துவிட்டேன். எனக்குக் கண்ணாடியும் போட்டோ பிரேமும் போடுகிற கடை. சாமி படம், கல்யாணப் படம், காலமானவர் படம், இவற்றைத் தாண்டி அப்போது பெரிதாக எதுவும் வந்ததில்லை. ஐம்பதை ஒட்டிய வயது, கஞ்சி போட்ட பருத்திச் சேலை, தோளில் நீளமாக ஒரு துணிப்பை. பழைய பட்டுச் சேலையைக் கிழித்துத் தைத்த பை. குற்றாலத்திலிருந்து டவுன் பஸ்ஸில் வந்திருந்தார்.

"கண்ணாடிப் பெட்டி ஒண்ணு செய்யணும் தம்பி. உள்ள படுக்க வைக்கணும்" என்றார்.

"என்னதக்கா, வீணையா?"

"கண்டக்டரு திரைச்சீலைக் கம்பின்னு நெனைச்சாரு. நீங்க வீணைங்குதிய. பரவாயில்ல, ஒரு படி மேல."

பையின் முடிச்சை அவிழ்த்து மேஜை மேல் வைத்தார். கறுப்பு உறை, லேசாக வளைந்திருந்தது. பிடியில் நீல நாடாவைக் குறுக்கும் நெடுக்குமாகச் சுற்றியிருந்தார்கள். ஜப்பான் வாள் என்று அவர் சொன்னதும் நான் அறியாமலே மேஜைக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன். அதை அவர் கவனித்த மாதிரி காட்டிக்கொள்ளவில்லை. இஞ்ச் டேப்பைக் கேட்டு வாங்கி அளந்தார். டேப்பைச் சுருட்டி, அது முன்னால் இருந்த இடத்திலேயே, பசை டப்பாவுக்கும் கால்குலேட்டருக்கும் நடுவில் வைத்தார். வைத்துவிட்டு மேஜையையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு, "இந்தக் குறடு இங்கனயா கெடந்துச்சு?" என்று கேட்டு, என் குறடை எடுத்து ஆணிப் பெட்டிக்குள் போட்டார். குறடு ஆணிப் பெட்டியில்தான் இருக்க வேண்டும். ஆனால் கடை திறந்த நாளிலிருந்து அது அங்கே இருந்ததில்லை.

பெட்டிக்கு அவர் சொன்ன நிபந்தனைகள், ஒரு மாப்பிள்ளை வீட்டார் சொல்வதைவிட அதிகம். கூர்ப்பக்கம் மேலே பார்த்திருக்க வேண்டும். பிடி, பார்க்கிறவருக்கு இடது கைப் பக்கம் வர வேண்டும். பின்பலகையில் காற்று போகத் துளை வேண்டும். சாரல் காலத்தில் குற்றாலத்தில் சுவரே வியர்க்கும். வாள் தாங்கினாலும் பிடியின் நாடாவும் உறையும் பூஞ்சை பிடித்துவிடும். ஊர் உலகமெல்லாம் சாரலுக்காகக் காத்துக் கிடக்க, அக்கா ஒருவர்தான் மலையில் மேகம் இறங்கினால் வேண்டாத விருந்தாளியைப் பார்ப்பது போலப் பார்ப்பார்.

பெட்டியைக் கொண்டுபோய்க் கொடுக்கிற அன்றுதான் அவர்களுடைய லாட்ஜைப் பார்த்தேன். ஐந்தருவிக்குப் போகிற ரோட்டில் கொஞ்சம் உள்ளே தள்ளி, மாடியும் கீழுமாகச் சில அறைகள். அவருடைய வீட்டுக்காரரை நான் அண்ணாச்சி என்று கூப்பிடுவேன். ஜப்பானில் ஒரு இந்தியச் சாப்பாட்டுக் கடையில் வருஷக்கணக்காகச் சமையல்காரராக இருந்துவிட்டு, சேர்த்து வைத்ததைக் கொண்டு சொந்த ஊரில் லாட்ஜ் கட்டியவர். கூட இருந்த அக்கா அங்கே வாள் பழகிக்கொண்டு வந்துவிட்டார். "நான் மிக்ஸி கொண்டு வந்தேன், இவ வாளு கொண்டு வந்தா. ஏர்போட்ல மிக்ஸியத்தான் பிரிச்சிப் பாத்தான்" என்பார் அண்ணாச்சி.

எப்படி அதில் போய் விழுந்தீர்கள் என்று ஒருநாள் கேட்டேன்.

"அவுக காலையில போனா ராத்திரி. மவ பள்ளிக்கூடம் போயிருவா. பக்கத்து வீட்ல பேச பாஷை கெடையாது. கடைக்குப் பின்னால ஒரு ஹாலு. அங்கன வயசானவுக நாலஞ்சி பேரு முட்டி போட்டு உக்காந்து வாளை உருவுவாக, திருப்பி வைப்பாக. ஒரு சத்தம் கெடையாது. பாத்தேன். இதுக்குப் பேச வேண்டாம்லான்னு போயிச் சேந்துட்டேன்."

அவர் பழகியது எதிராளியோடு மோதுகிற வித்தை அல்ல. எதிரே ஒருவன் நிற்பதாக நினைத்துக்கொண்டு தனியாகச் செய்வது. உட்கார்ந்த நிலையிலிருந்து ஒரே வீச்சில் உருவி, இல்லாத ஆளை வெட்டி, பிறகு மெதுவாக வாளை உறைக்குள் திருப்பி வைப்பது. அவர் மெதுவாக என்று சொன்னால் நாம் நினைக்கிற மெதுவாக அல்ல. உருவுகிறது கண் இமைக்கிற நேரம். வைக்கிறதற்குள் பால் பொங்கி வடிந்துவிடும். நிஜமாகவே வடிந்திருக்கிறது, அண்ணாச்சி சாட்சி.

"உருவ எல்லாரும் படிச்சிருவாக தம்பி. உள்ள வைக்கத்தான் ஆயுசு பத்தாது" என்பார்.

இந்தப் பழக்கத்தை வாளோடு நிறுத்திக்கொண்டிருந்தால் வீட்டில் நிம்மதி இருந்திருக்கும். சண்டைக்கும் அதே முறைதான். அண்ணாச்சியோடு வாக்குவாதம் வந்தால், கோபமாகக் கேட்ட கேள்விகளை எல்லாம் சாயங்காலம் காபி கொடுக்கும்போது ஒவ்வொன்றாகத் திரும்ப எடுத்துக்கொள்வார். "காலையில ஒங்க அம்மையப் பத்திச் சொன்னேன்லா, அதை எடுத்துட்டேன். ஆனா உப்பு கூடன்னது எடுக்கல." அண்ணாச்சி என்னிடம் முறையிடுவார்: "சண்டை போட்டாகூட மறந்துருவேன்டே. இவ திருப்பி எடுக்கும்போதுதான் எல்லாம் ஞாபகம் வருது."

அந்த வாளைப் பற்றி ஊருக்கு ஒரு பெரிய மனத்தாங்கல் இருந்தது. அது வெட்டாது. பழகுவதற்கென்றே கூரில்லாமல் வார்த்தது. இரும்புகூட இல்லை, ஏதோ கலப்பு உலோகம். தீட்டினாலும் கூர் வராது. பளபளப்பும் நெளிவும் எல்லாம் அசல் மாதிரியே இருக்கும். ஆயுத பூஜை வந்தால் சொந்தக்காரர்கள் பூசணிக்காயைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுவார்கள். "மைனி கையால ஒரு போடு போடணும்." அக்கா மறுப்பார். வெட்டாத வாளை எதற்குக் கண்ணாடிப் பெட்டியில் வைக்க வேண்டும், அதற்கு ஒரு தேங்காய் திருகியையே வைக்கலாமே என்று அவருடைய கொழுந்தன் கேட்பார். அண்ணாச்சியின் தம்பி அவர். பக்கத்து வீடு, இருவருக்கும் பொது முற்றம். ரோட்டோரம் இளநீர்க் கடை போட்டிருந்தார். ஒரே போடில் இளநீர்த் தலை சீவுகிறவருக்கு அக்காவின் வாளைப் பார்த்தால் சிரிப்பு வராமல் என்ன செய்யும்?

காலையில் மாடியில் பயிற்சி. அதற்கென்று கறுப்பில் பாவாடை மாதிரி அகலமான ஒரு உடுப்பு. குரங்குகள் தண்ணீர்த் தொட்டி மேல் வரிசையாக உட்கார்ந்து பார்க்கும். ஒருநாள் ஒரு குரங்கு அந்தப் பட்டுப் பையைத் தூக்கிக்கொண்டு போய்த் தலையில் மாட்டிக்கொண்டது. கீழிருந்து அண்ணாச்சி கல்லை எடுத்தார். அக்கா விடவில்லை. "அதுவா திருப்பி வைக்கும்" என்று கையைக் கட்டி நின்றார். குரங்கு பையைத் தொட்டிக்குள் போட்டுவிட்டுப் போயிற்று. "வச்சிருச்சுல்லா, எடந்தான் தெரியல" என்றார் அக்கா.

என் வாடிக்கையாளர் ஒருவர், துபாயிலிருந்து ஊர் திரும்பிய பாய், சுவரில் மாட்ட ஒரு வாள் வாங்கி வந்திருந்தார். பிடியில் டிராகன் முகம், உறையில் தங்க நிறக் கொடி, தாங்கி நிறுத்த ஒரு மரச் சட்டம். அதற்கும் கண்ணாடிப் பெட்டி கேட்டார். நான் வாய் சும்மா இருக்காமல் அக்காவைப் பற்றிச் சொல்ல, அவரைத் தன் வீட்டுக்கு அழைத்து வந்து வாளைக் காட்டச் சொன்னார். அக்கா வந்தார். இரண்டு கைகளாலும் வாங்கி, பிடியை மெல்ல அசைத்துப் பார்த்தார்.

"உறை நல்லாருக்கு பாய்" என்றார்.

"வாளு?"

"சொவத்துல அழகா இருக்கும். வீசாதிய."

வீசாதே என்று ஒருவர் சொன்ன பிறகு, வீட்டில் மனைவியும் மச்சினரும் பார்த்துக்கொண்டிருக்க, வீசாமல் இருக்கிற மனிதர் யார்? பாய் கூடத்தின் நடுவே வந்து நின்று ஒரு சுற்றுச் சுற்றினார். பிடி கையிலேயே இருந்தது. வாள் மட்டும் கிளம்பிப் போய்ப் புது சோபாவின் முதுகில் குத்தி நின்று ஆடியது.  அக்கா போய் அதை உருவி, துடைத்து, டிராகன் பிடிக்குள் சொருகி, உறைக்குள் வைத்து, சட்டத்தில் நிறுத்தினார். பிறகு சோபாத் துளையை ஒரு குஷனால் மறைத்தார். "பழகுற வாளு வேற, பாக்குற வாளு வேற பாய். இதுக்குள்ள இரும்பு ஒரு வெரல் நீளந்தான் போயிருக்கு" என்றார். பாய் பெட்டிக்குப் பூட்டும் சேர்த்துச் செய்யச் சொன்னார். சாவியை அவருடைய மனைவி வாங்கிக்கொண்டார்.

அக்காவின் வாளும் ஒருமுறை போலீஸ் ஸ்டேஷன் வரை போயிருக்கிறது. லாட்ஜில் தங்கியிருந்த ஒரு குடும்பம், விடிந்ததும் மாடியில் கறுப்பு உடுப்பில் ஒரு பெண் வாளோடு நிற்பதைக் குளியலறை ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டது. பல்கூட விளக்காமல் காலி செய்துகொண்டு போனவர்கள், போகிற வழியில் புகாரும் சொல்லிவிட்டார்கள். அக்கா என்னையும் துணைக்குக் கூப்பிட்டார். பெட்டி செய்தவன் என்ற முறையில் நானும் பாதிக் குற்றவாளி.

இன்ஸ்பெக்டர் வெளியூர்க்காரர். அருவாள் வழக்குகளைப் பார்த்துப் பார்த்துச் சலித்த முகம்.

"கூர் இல்லைன்னு நீங்க சொன்னா ஆச்சாம்மா?" என்றார்.

"வெட்டிப் பாருங்க சார்."

ஏட்டு ஓடிப்போய் ஒரு வெள்ளரிக்காய் வாங்கி வந்தார். இன்ஸ்பெக்டர் மேஜையில் வைத்து ஓங்கி ஒரு போடு போட்டார். வெள்ளரிக்காய் துள்ளிப் போய்ப் பெஞ்சில் காத்திருந்த ஒருவர் மடியில் விழுந்தது. அடுத்து வாழைப்பழம். அது நசுங்கி மேஜையெல்லாம் ஆனதே தவிர துண்டாகவில்லை. ஸ்டேஷனே சிரித்தது. "இதுக்குக் கேஸ் எழுதினா என்னைத்தான்மா வேலையை விட்டுத் தூக்குவாங்க" என்று அவரும் சிரித்துவிட்டார்.

அதோடு கிளம்பியிருக்கலாம். ஆனால் அவர் வாளைத் தலைகீழாக உறைக்குள் திணிக்கப் பார்த்தார். அக்காவால் பொறுக்க முடியவில்லை. "குடுங்க சார்" என்று வாங்கி, ஒட்டியிருந்த பழத்தைத் துடைத்து, ஸ்டேஷன் நடுவே நின்று, தன் முறைப்படி வைக்க ஆரம்பித்தார். இன்ஸ்பெக்டர் கடிகாரத்தைப் பார்த்தார்.

"இவ்வளவு நேரமாம்மா?"

"அவசரப்பட்டா கையில ஏறிரும் சார்."

"கூர்தான் கிடையாதே?"

"முனை இருக்குல்லா."

வெள்ளரிக்காய்ச் செய்தி எங்களுக்கு முன்பே குற்றாலம் போய்ச் சேர்ந்துவிட்டது. அன்றிலிருந்து இளநீர் வாங்க வருகிறவர்களுக்கெல்லாம் கொழுந்தனார் இந்தக் கதையையும் சேர்த்துக் கொடுத்தார். பொய்யில்லாத கதை என்பதால் அக்காவும் தடுக்கவில்லை.

அடுத்த சீசன் தொடங்குகிற சமயம், லாட்ஜ் ஜன்னல்களில் உடைந்திருந்த கண்ணாடிகளை மாற்றப் போயிருந்தேன். காலை நேரம். சாரல் அப்போதுதான் விட்டிருந்தது. சில நாட்களாகவே அண்ணனுக்கும் தம்பிக்கும் மனஸ்தாபம் என்று எனக்குத் தெரியும். சீசனுக்கு வருகிற கார்களை நிறுத்த இடம் விடுவதென்று கொழுந்தனார் பொது முற்றத்தில் கயிறு கட்டி, பார்க்கிங் போர்டு நட்டிருந்தார். கயிறு லாட்ஜ் வாசலை மறித்தது. பெட்டியோடு வருகிறவர்கள் குனிந்து நுழைய வேண்டியிருந்தது. அண்ணாச்சி முதலில் சொல்லிப் பார்த்தார். அன்று காலையில் போர்டைப் பிடுங்கி ஓடையில் எறிந்துவிட்டார். எறிந்ததோடு நிற்காமல், தம்பியின் பிள்ளைகளைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்லிவிட்டார். சொல்லியிருக்கக் கூடாத வார்த்தை.

கொழுந்தனார் கடையிலிருந்து இளநீர் அருவாளோடு வந்தார். அவர் முகத்தை நான் அதற்கு முன் அப்படிப் பார்த்ததில்லை. அண்ணாச்சி சாம்பார்க் கரண்டியோடு சமையலறை வாசலில் நின்றார். அதைக் கீழே போட வேண்டும் என்றுகூட அவருக்குத் தோன்றவில்லை.

"வெளிய வாலே! எம் பிள்ளையளப் பேசின வாயோட வெளிய வா!"

ரோட்டில் போனவர்கள் நின்றார்கள். ஒருவரும் கிட்டே வரவில்லை. எனக்கும் கால் வரவில்லை, கையில் கண்ணாடி வேறு.

அக்கா மாடியிலிருந்து இறங்கி வந்தார். பயிற்சி உடுப்பு, இடுப்பில் வாள். நேராக இருவருக்கும் நடுவில் வந்து நின்றார்.

"மைனி, தள்ளிக்கோங்க. இது அண்ணன் தம்பி வெவகாரம்."

அக்கா நகரவில்லை.

"அந்த வெள்ளரிக்கா வெட்டாத வாளை வச்சி என்னைய மெரட்டப் போறியளா?"

ரோட்டில் யாரோ சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு நிலைமையைக் கெடுத்தது. ஊர் பார்க்கிறது என்று ஆகிவிட்ட பிறகு அவராலும் திரும்பிப் போக முடியாது. அருவாள் மேலே ஏறியது.

அக்கா ஈரத் தரையில் முட்டி போட்டு உட்கார்ந்தார். உட்கார்ந்ததைத்தான் நான் பார்த்தேன். அடுத்து நான் பார்த்தபோது வாள் வெளியே இருந்தது. முனை கொழுந்தனாரின் தொண்டைக்கு ஒரு சாண் முன்னால் நின்றது. கூரில்லாத வாளானாலும் முனையால் குத்தினால் உள்ளே போகும் என்பது எனக்கு அந்த நொடியில்தான் உறைத்தது. அவருக்கும் உறைத்திருக்க வேண்டும். ஓங்கிய அருவாள் அப்படியே நின்றது.

 அக்கா கண்ணை எடுக்கவில்லை. பிறகு எழுந்து, ஒரு அடி பின்னால் வைத்து, வாளைத் தாழ்த்தி, உறைக்குள் வைக்கத் தொடங்கினார். அதே நிதானம். முற்றத்தில், ரோட்டில், எல்லாரும் அந்த வாள் உள்ளே போவதையே பார்த்தார்கள். கொழுந்தனாரும்தான். அது பாதி போவதற்குள் அவருடைய கை தானாக இறங்கிவிட்டது. நான் கண்ணாடியைச் சுவரில் சாய்த்துவிட்டுப் போய் அருவாளைப் பிடித்தேன். பஸ்ஸில் சில்லறை கொடுப்பது போலக் கொடுத்துவிட்டார்.

வாள் முழுக்க உள்ளே போயிற்று. அப்போதும் அக்கா உறை வாயைப் பிடித்த இடது கையை விடவில்லை. முதலில் பார்த்தவர் கொழுந்தனார்தான்.

"ஐயோ மைனி, ரத்தம்!"

முனை கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே ஏறியிருந்தது. கை நடுங்கியிருக்கிறது. அத்தனை கண்கள் பார்த்தும் ஒருவருக்கும் தெரியவில்லை. அவர் ஒரு முனகல்கூட விடாமல், அப்படியே வைத்து முடித்திருக்கிறார். கொழுந்தனார் தோள் துண்டைக் கிழித்துக் கட்டினார். தன் பைக்கில் உட்கார வைத்துத் தென்காசி ஆஸ்பத்திரிக்குப் பறந்தார். பின்னால் என் வண்டியில் அண்ணாச்சி. ஆஸ்பத்திரி வாசலில் இறங்கியபோதும் அவர் கையில் கரண்டி இருந்தது.

தையல் போட்டுக்கொண்டு அக்கா வெளியே வந்தார். அண்ணனும் தம்பியும் ஆளுக்கொரு மூலையில் தலையைத் தொங்கப் போட்டிருந்தார்கள். அக்கா அண்ணாச்சியிடம் சொன்னார்: "பிள்ளையளச் சொன்ன வார்த்தைய இங்கனயே எடுத்துருங்க. சாயங்காலம் வரைக்கும் போவ வேண்டாம்." அண்ணாச்சி எடுத்தார். எப்படி எடுப்பது என்று தெரியாமல், "நான் சொன்னது இல்லடே" என்றார். தம்பி தலையாட்டினார். வாசலுக்கு வழி விட்டு, மீதி இடத்தில் கார் நிறுத்துவது என்று அங்கேயே முடிவாயிற்று.

காயம் ஆறியது. பெங்களூரில் இந்த வித்தைக்கு ஒரு தேர்வு உண்டு. ஜப்பானிலிருந்து ஆட்கள் வந்து பார்த்துத் தரம் கொடுப்பார்கள். ஊருக்கு வந்த பிறகு அக்கா முதல் தடவையாக அதற்குப் போனார். ஊரே பாஸ் என்று நினைத்திருந்தது. வெள்ளரிக்காய்க் கதையை நிறுத்திவிட்டு, இப்போது முற்றத்துக் கதையைச் சொல்லிக்கொண்டிருந்த கொழுந்தனார், இளநீர்க் கடையில் போகிறவர் வருகிறவருக்கெல்லாம் அட்வான்ஸாகவே பாஸ் போட்டிருந்தார்.

திரும்பி வந்த அன்று நானும் போயிருந்தேன்.

"பெயிலு" என்றார் அக்கா.

"ஏங்க்கா?"

"வைக்கிறதுல அவசரமாம்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தென்காசி ஜில்லாவிலேயே மெதுவான பொம்பளையைப் பார்த்து அவசரம் என்றார்களா? கொழுந்தனாருக்குச் சிரிப்பு வரவில்லை. "எவன் சொன்னான்? இங்கன வந்து பாக்கச் சொல்லுங்க அவன!" என்று எகிறினார்.

"அவுக சொன்னது சரிதான்" என்றார் அக்கா. தழும்பைத் தடவிக்கொண்டே சொன்னார். "எதுக்க ஆளு நிக்கதா நெனைச்சிக்கிட்டுத்தான் செய்யணும். முன்னால எல்லாம் யாரோ ஒரு ஆளு, மொகம் கெடையாது. இப்பம் அங்கன நிக்கது நீங்கதான் கொழுந்தனாரே. அருவாளோட நிக்கிய. எப்படா உள்ள வைப்போம்னு ஆயிருது."

 அண்ணாச்சி அடுப்பைப் பார்க்கப் போகிறவர் மாதிரி உள்ளே போய்விட்டார். நான் தரையைப் பார்த்தேன்.

"நான் என்ன மைனி செய்யணும்?" என்று கொழுந்தனார் கடைசியில் கேட்டார். 

"காலையில மாடிக்கு வாங்க. எதுக்க நில்லுங்க. கையில ஒண்ணும் வேண்டாம். சும்மா நின்னாப் போதும்."

மறுநாளே வந்தார் என்று அண்ணாச்சி சொன்னார். அதை நம்பாமல் அந்த வாரத்தில் ஒருநாள் நானே போய்ப் பார்த்தேன். மாடியில், தொட்டி மேலிருந்த குரங்குகளுக்கு முன்னால், கொழுந்தனார் வெள்ளை வேட்டியில் விறைத்து நின்றிருந்தார். கைகளைப் பின்னால் கட்டியிருந்தார். கண்களை இறுக மூடியிருந்தார்.

"கண்ணைத் தொறங்க கொழுந்தனாரே. நீங்க முழிச்சிருந்தாத்தான எனக்குப் பயம் வரும், பயம் போவும்?"

"எனக்கு இப்பமே வந்துட்டு மைனி."

திறந்தார். அக்கா உருவினார். அவர் ஒரு அடி பின்னால் போனார். "எடத்துக்கு வாங்க" என்றார் அக்கா. வந்தார். இப்படியே அந்த மழைக்காலம் முழுக்கப் போயிற்று. மெல்ல மெல்ல அவர் பின்னால் போவது நின்றது. அப்புறம் வேட்டி, கைலியானது. அப்புறம் ஒரு கையில் டீ கிளாஸ் வந்தது. லாட்ஜில் தங்குகிறவர்கள் ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டு, யார் நீங்கள் என்று கேட்டால், "நாந்தான் இவுகளுக்கு எதிரி" என்பார். இளநீர்க் கடையைவிட அந்த வேலையில்தான் அவருக்குப் பெருமை அதிகம் என்று தோன்றும்.

அடுத்த தடவை பெங்களூருக்கு அவரும் கூடவே போனார். பட்டுப் பையை ரயிலில் யாரையும் தொட விடவில்லையாம். தேர்வில், எதிரே நான் போய் நிற்கட்டுமா என்று அங்கிருந்தவர்களிடம் கையைக் காட்டிக் கேட்டிருக்கிறார். வேண்டாம் என்று அவர்களும் கையைக் காட்டியிருக்கிறார்கள். அக்கா பாஸ் செய்துவிட்டார். ஊருக்கு வந்ததும் லட்டு வாங்கிக் கொடுத்தவர் கொழுந்தனார்தான்.

அக்காவும் அண்ணாச்சியும் பின்னாளில் மகளோடு ஓசூர்ப் பக்கம் போய்விட்டார்கள். வாளும் போயிற்று. அங்கே அவருக்கு எதிரே யார் நிற்கிறார்கள் என்று தெரியவில்லை.

பாஸாகி ஊர் திரும்பிய மறுநாள் காலையில் நான் லட்டு வாங்கிக்கொள்ளப் போயிருந்தேன். மாடிப்படியில் கொழுந்தனார் டீ கிளாஸோடு ஏறிக்கொண்டிருந்தார். அக்கா மேலிருந்து எட்டிப் பார்த்தார்.

"அதான் பாஸாயிட்டேன்லா கொழுந்தனாரே. இனிமே எதுக்கு வாரிய?"

அவர் போய்த் தன்னுடைய இடத்தில் நின்றார். டீயை ஒரு வாய் குடித்தார்.

"அவனுவ பாஸ் போடுவானுவ மைனி, வெளியூர்க்காரனுவ. எனக்கு இன்னும் வைக்கிறதுல லேசா அவசரம் தெரியுது. ம், உக்காருங்க."

அக்கா உட்கார்ந்தார்.